வைப்பர் விளிம்பும் நெகிரி செம்பிலான் கித்தாவும்

நல்ல மழையில் வைப்பர் ஒருமுறை போய்த் திரும்பிய பிறகும் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே மெல்லிய தண்ணீர்க்கோடு ஒன்று நின்றுவிட்டால், பலர் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரைத்தான். கோளாறு அனேகமாக அங்கே இருப்பதில்லை. கண்ணாடியைத் தொடும் ரப்பரின் விளிம்பில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் இருக்கிறது. வண்டியில் கிலோக்கணக்கில் ரப்பர் உண்டு. டயர், குழாய், கதவு ஓரத்துப் பட்டை, எஞ்சின் தாங்கி எல்லாம் ரப்பர்தான். ஆனால் அந்த ரப்பரின் தரம் ஓட்டுநரின் கண்ணெதிரே, விநாடிக்கொரு தரம் சோதிக்கப்படும் இடம் வைப்பர் ஒன்றுதான். டயரின் தடித்த உடம்பில் ஒரு மணல் துணுக்கோ மரப்பட்டைத் துகளோ கிடந்தால் யாருக்கும் தெரியாது. மெல்லிய விளிம்பில் அது கிடந்தால் அங்கே ரப்பர் பிய்யும், பிய்ந்த இடம் கண்ணாடியில் கோடாக விழும். இந்தச் சின்ன உண்மையை வைத்துக்கொண்டு மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர் தோட்டங்களின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர்கள் செய்த வேலை, கூலி வேலை என்ற ஒரே தலைப்பின்கீழ் அடைபட்டுக் கிடக்கிறது. அது ஒரு கைத்தொழில். அதுவும் மில்லிமீட்டர் கணக்கில் நடந்த கைத்தொழில். ரப்பரின் தரம் பிறந்த இடம் மரத்தடி என்பதே என் வாதம். ஆலையும் ஆராய்ச்சிக்கூடமும் அதற்குப் பிறகு வந்தவை.

முதலில் வைப்பரையே கொஞ்சம் நெருங்கிப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903 நவம்பரில் பெற்ற காப்புரிமை, வண்டிக்குள்ளிருந்து கையால் நெம்பும் ஒரு துடைப்பானுக்கானது. 1917இல் பஃபலோ நகரில் தொடங்கிய ட்ரைக்கோ நிறுவனம் அந்த யோசனையை வியாபாரமாக்கியது. அதன்பிறகு மோட்டார் மாறியது, கை மாறியது, வேகம் மாறியது. கண்ணாடியைத் தொடும் இடத்தில் மட்டும் ரப்பர் அப்படியே இருந்துவிட்டது. வைப்பர் ரப்பரை ஆலையில் பெரும்பாலும் இரட்டையாக வார்க்கிறார்கள். இரண்டு பட்டைகள் விளிம்போடு விளிம்பு ஒட்டியபடி அச்சிலிருந்து வெளிவரும். பிறகு நடுவே கத்தி ஓடும். அந்த ஒரே வெட்டில் இரண்டு பட்டைகளுக்கும் கூரிய விளிம்பு கிடைத்துவிடும். வார்ப்பு அச்சால் அவ்வளவு கூர்மையான முனையைத் தர முடியாது. பிறகு குளோரின் காட்டி மேல்தோலைச் சற்றே விறைப்பாக்குவார்கள். சிலர் கிராஃபைட் பூசுவார்கள். விளிம்புக்கு மேலே மெல்லிய கழுத்து ஒன்று இருக்கும். வைப்பர் வலப்பக்கம் போகும்போது விளிம்பு இடப்பக்கம் சாயும், திரும்பும்போது கழுத்து வளைந்து மறுபக்கம் சாயும். அந்தச் சாய்வில்தான் தண்ணீர் வழித்தெடுக்கப்படுகிறது.

சத்தமும் கோடும் எப்படி வருகின்றன என்பது இதிலிருந்தே புரியும். எப்போதும் ஒரே இடத்தில் விழும் மெல்லிய கோடு என்றால் விளிம்பில் பிசிறு, அல்லது அங்கே அழுக்கு ஒட்டியிருக்கிறது. அகலமான மங்கல் என்றால் குற்றம் கண்ணாடியுடையது. டீசல் புகையும் மெழுகும் எண்ணெய்ப் பசையும் படிந்து தண்ணீரைச் சிதறடிக்கின்றன. ஒரு பக்கம் போகும்போது மட்டும் தடதடவென்று குதித்தால், கழுத்து ஒரு பக்கமாகவே படிந்து மடங்க மறுக்கிறது, அல்லது கை முறுக்கிக்கொண்டு விளிம்பு கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக நிற்கவில்லை. வெயிலில் நாளெல்லாம் நிறுத்திவைக்கும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் இயற்கை ரப்பரை வெடிக்க வைக்கும். மருந்தும் எளிது: கண்ணாடியைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும், விளிம்பை ஸ்பிரிட் நனைத்த துணியால் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும், வைப்பர் நடுவழியில் இருக்கும்போது விளிம்பு நேராக நிற்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கையைத் திருத்த வேண்டும். அப்புறமும் கோடு விழுந்தால் ரப்பரை மாற்றிவிட வேண்டியதுதான். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தடவுகிற வழக்கம் சிலரிடம் உண்டு. அது வைத்தியமே இல்லை. இயற்கை ரப்பர் அவற்றில் ஊறி உப்பும், விளிம்பு வளையும். இத்தனைக்கும் அடிப்படை ஒன்றே: விளிம்பு முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும், அதற்கு ரப்பர் உள்ளே சுத்தமாக இருக்க வேண்டும்.

சுத்தமான ரப்பர் என்பதே தோட்டங்கள் பிறந்த பிறகு உலகுக்குத் தெரிந்த சரக்கு. அதற்குமுன் உலகம் வாங்கியது பிரேசில் காடுகளின் பாரா ரப்பர். கோடரியால் மரத்தைக் கொத்தி, வழிந்த பாலைப் புகையில் காட்டி உருண்டையாக்கி அனுப்புவார்கள். ஐரோப்பிய ஆலையில் அதைக் கழுவும்போது எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் போய்விடும். போனது தண்ணீரும் மண்ணும் பட்டையும். மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன தோட்டத்து ரப்பரில் கழிவு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். நம்ப முடியாத அளவு சுத்தமாக இருந்ததால் தொடக்கத்தில் சில ஆலைக்காரர்கள் அதன் வலுவைச் சந்தேகித்துப் பாராவையே கேட்டு வாங்கினார்கள் என்பது இந்த வணிகத்தின் வேடிக்கைகளில் ஒன்று. ஹென்றி விக்கம் 1876இல் ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது, 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்ட இயக்குநர் ரிட்லி வகுத்தது, 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் ரப்பர் நட்டது எல்லாம் பள்ளிப் பாடமாகவே வந்துவிட்ட சங்கதிகள். அவற்றில் நிற்க எனக்கு அவசியமில்லை. ரிட்லி முறையை வகுத்தார். அந்த முறை நாள்தோறும் கோடிக்கணக்கான மரங்களில் யார் கையால் நடந்தது என்பதே கேள்வி.

நெகிரி செம்பிலானில் அந்தக் கை பெரும்பாலும் தமிழ்க் கை. சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் லின்சம் போன்ற தோட்டங்கள் முதலில் காப்பிதான் பயிரிட்டன. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் ரயில் ஓடத் தொடங்கியபோது கித்தா, அதாவது ரப்பர், இன்னும் பரிசோதனைப் பயிர்தான். காப்பி விலை சரிந்ததும், கார் டயருக்கு ரப்பர் தேவைப்பட்டதும் சேர்ந்து நிலத்தைத் திருப்பிப் போட்டன. லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ், கெமெஞ்சே என்று கித்தாக் காடு பரவியது. சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது, 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது, 1938இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதைத் தடைசெய்தது. டயர் செய்யும் டன்லப் நிறுவனமே இங்கே தோட்டங்கள் வாங்கி, மாநிலத்தின் தென்கோடியில் பத்தாங் மலாக்காவில் ஆராய்ச்சி நிலையமும் நடத்தியது. அதாவது ரப்பரை வாங்குகிறவனே மரத்தடிக்கு வந்து நின்றான். மரத்தில் நடப்பதுதான் ஆலையில் எதிரொலிக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நம் வரலாற்று நூல்களுக்குத்தான் அது தெரியவில்லை.

மரத்தில் என்ன நடந்தது? விடியுமுன் பெரட்டு. ஆள் எண்ணிக்கை முடிந்ததும் அவரவருக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போக வேண்டும். ஒருவருக்கு ஏறத்தாழ 500 மரம். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு: மரத்தின் உள்ளழுத்தம் விடியற்காலையில்தான் மிகுதி, வெயில் ஏற ஏறப் பால் வருவது குறையும். நான்கு மணி நேரத்தில் 500 மரம் என்றால் ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் அடுத்த மரத்துக்கு நடக்கவும் வேண்டும். அந்த அரை நிமிடத்தில் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். முந்திய வெட்டின் வாயில் உறைந்து நூலாக ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துத் தனிப் பையில் போட வேண்டும். பால் வடியும் கிண்ணமான மங்கில் கட்டிப்பால் கிடந்தால் அதையும் எடுக்க வேண்டும். பிறகு உளியை வைத்து இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கம் கீழ்நோக்கிச் சீவ வேண்டும். இந்தத் திசை தற்செயலல்ல. பால் குழாய்கள் மரத்தில் நேராக ஏறாமல் சற்று வலம் சாய்ந்து ஏறுகின்றன. இடமேட்டிலிருந்து இறக்கி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். சாய்வு 25 முதல் 30 பாகை. கூடினால் பட்டை வீண், குறைந்தால் பால் வாய்க்காலை விட்டு வழிந்து மரத்தில் ஓடும். சீவும் தடிப்பு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. ஆழம்தான் உயிர்நிலை: பால் குழாய்கள் செறிந்திருப்பது பட்டையின் உட்புறத்தில், மரத்தை வளர்க்கும் பசும்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இப்பால். அந்தக் குழாய்களைத் தொடாமல் நின்றால் பால் போதாது. படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். காயம் ஆறும்போது பட்டை முடிச்சு விழும், ஏழெட்டு ஆண்டு கழித்துப் புதுப்பட்டையில் வெட்ட வரும்போது உளி அங்கே துள்ளும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 வெட்டு; ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் 225 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண் பட்டை. அந்த வேகத்தில் மரத்தின் ஒரு பக்கம் ஐந்தாறு ஆண்டு வரும். கை சற்றுத் தடித்து இரண்டரை மில்லிமீட்டராகச் சீவினால் மூன்று ஆண்டில் பட்டை தீர்ந்துவிடும். முப்பது ஆண்டு பால் தர வேண்டிய மரத்தின் ஆயுள், ஒரு பெண்ணின் மணிக்கட்டில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் தொங்கியது. பெண் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பால் வெட்டியவர்களில் பெண்கள் மிகப் பலர். பாலைப் பதப்படுத்தும் தோட்டத்து ஸ்டோரில் புகைபோட்ட ரப்பர் தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கறுப்புப் புள்ளியைக் கண்டால் கத்தரியால் வெட்டியெடுத்த வேலையிலும் பெண்கள் இருந்தார்கள். அந்தப் புள்ளி பெரும்பாலும் மரப்பட்டைத் துகள். மரத்தடியில் உளியிலிருந்து மங்கில் விழுந்தது. சீவல் மங்குக்குள் விழாமல் வெளியே தெறிக்கும்படி உளியைத் திருப்பி முடிப்பது, பாலை ஊற்றிய பின் மங்கைத் துடைத்துக் கவிழ்த்து வைப்பது, பால் உறைந்துவிடாமல் அமோனியா சில துளி விடுவது, வாளிக்குள் ஒட்டுப்பால் சேராமல் பார்ப்பது ஆகியவை எல்லாம் சேர்ந்துதான் ரப்பரின் தரம். ஸ்டோருக்கு வந்த பாலைச் சல்லடையில் வடிகட்டுவார்கள் என்பது உண்மை. சல்லடை துகளைத்தான் பிடிக்கும். அழுக்கு மங்கில் கெட்டுப்போன பாலை அது சரிசெய்யாது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். இந்த விதிகளையெல்லாம் வகுத்தது துரைமாரும் ஆராய்ச்சிக்காரர்களும். மேற்பார்வையாளரான தண்டல் நின்று மேய்த்தார். தொழிலாளி சொன்னதைச் செய்தார், இதில் அவருக்கு என்ன தனிப் பெருமை? விதி எழுதியவர்கள் வேறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தண்டல் மரத்துக்கு மரம் நிற்க முடியாது. 500 மரத்தில் ஒவ்வொரு மரமும் வேறு: பட்டை தடித்தது, மெலிந்தது, கோணியது, முன்பு காயம்பட்டது. படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இப்பால் நிற்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். அது எங்கே இருக்கிறது என்பதை இருட்டில் உளியின் நுனியில் உணர்கிறவருக்குத்தான் தெரியும். புதிதாக வந்தவரை நல்ல மரத்தில் விடமாட்டார்கள். பழகிய கை என்று தெரிந்த பிறகே நிரை தருவார்கள். எந்தப் பட்டறையிலும் இதற்குப் பெயர் தொழில் பழகுதல்தான். தோட்டத்துப் பதிவேட்டில் மட்டும் அதற்குக் கூலி என்று பெயர்.

இன்னொரு மறுப்பு கூரியது. பாலில் தண்ணீர் கலந்து எடையேற்றிய தொழிலாளர்கள் இல்லையா, தரத்தைக் காத்தவர்கள் என்று அவர்களை எப்படிச் சொல்வது? கலந்தவர்கள் இருந்தார்கள். பாலில் ரப்பர் எவ்வளவு என்று அளக்க மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி தோட்டத்துக்குத் தோட்டம் புழங்கியதே அதற்குச் சாட்சி. சாதாரணமாகப் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி தண்ணீர். மரத்துக்கு மரம், மழைக்கு மழை அது மாறும். கூலியை எடையோடு கட்டிப்போட்டால் எடையைக் கூட்டத் தோன்றுவது மனித இயல்பு. இதில் நான் கவனிப்பது வேறொன்று: மெட்ரோலாக் அளந்தது அளவை மட்டும். ஒன்றரை மில்லிமீட்டரில் சுத்தமாகச் சீவிய கைக்கும் மரத்தைக் குதறிய கைக்கும் எடை ஒன்றாக இருந்தால் கூலியும் ஒன்றுதான். குதறியவருக்கு ஏச்சு விழும், வேலைகூடப் போகும். நன்றாகச் சீவியவருக்கு அதற்கென்று எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் மலாயா ரப்பர் உலகச் சந்தையில் சுத்தத்துக்குப் பேர்போனதாக இருந்தது என்றால், பெரும்பான்மையோர் கூலி கேட்காத ஒரு வேலையைக் கூடுதலாகச் செய்தார்கள் என்றுதான் பொருள்.

1965இல் மலேசியா தன் ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதோடு நிற்காமல், அளந்தும் விற்கத் தொடங்கியது. எஸ்.எம்.ஆர். (மலேசியத் தர ரப்பர்) என்ற அந்த முறையில் ரகத்தின் பெயரிலேயே அழுக்கின் அளவு வந்துவிட்டது: எஸ்.எம்.ஆர். 5 என்றால் அழுக்கு 0.05 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, 20 என்றால் தொடக்க விதிப்படி 0.20. ரப்பரைச் சூடான கரைப்பானில் கரைத்து, 44 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் ஊற்றி, தேங்குவதை நிறுப்பார்கள். மயிரிழையைவிட நுண்ணிய கண் அது. உலகத்தில் வேறெந்த விளைபொருளும் தன் அழுக்கைப் பெயராகச் சூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனதாக எனக்குத் தெரியவில்லை. இந்த மாற்றத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் பி.சி. சேகர். சுங்கை பூலோ பக்கத்துத் தோட்டமொன்றில் 1929இல் பிறந்து, 1966இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானவர். தோட்டத்தில் பிறந்த பிள்ளை தோட்டத்து ரப்பருக்கு இலக்கணம் எழுதினார் என்று பெருமைப்படலாம், தவறில்லை. ஆனால் ரப்பரைப் பொடியாக்கிக் கழுவி உலர்த்திக் கட்டியாக அழுத்தும் இயந்திரம் வந்ததும் மரத்தடிச் சுத்தம் தேவையற்றுப் போய்விடவில்லையா என்று கேட்கலாம். பாதி உண்மை. கட்டிப்பாலையும் ஒட்டுப்பாலையும் கொண்டுவந்து கொட்டினாலும் இயந்திரம் அதை விற்கத்தக்க ரப்பராக மாற்றியது. அந்த ரப்பர் 20 என்ற எண்ணோடு டயருக்குப் போயிற்று. வெளிர்நிற ரகமும் 5ஆம் ரகமும் வேண்டுமென்றால் அன்றன்று மங்கிலிருந்து வடித்த சுத்தமான பாலுக்குத்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது. எஸ்.எம்.ஆர். எண்கள் மரத்தடி வேலையை ஒழிக்கவில்லை. அந்த வேலைக்கு எத்தனை மதிப்பெண் என்று முதன்முதலாக எழுதிக் காட்டின.

வைப்பரின் சத்தத்துக்கும் இந்தத் தோட்டங்களுக்கும் இன்னொரு உறவு உண்டு, அதிகம் பேசப்படாதது. மலாயாவிலிருந்து ஏற்றுமதியான ரப்பர்மீது ஆராய்ச்சி வரி வசூலானது. உள்நாட்டில் 1925இல் சட்டப்படி அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கும், இங்கிலாந்தில் 1938இல் தொடங்கிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் இத்தகைய வரிப்பணம் போனது. அந்த ஆங்கிலக் கூடத்தில் வேலை செய்த அடால்ஃப் ஷாலமாக், ரப்பர் எப்படி வழுக்குகிறது என்று கேட்டு 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஊடுருவித் தெரியும் கடினப் பரப்பின்மேல் மென்மையான ரப்பரை இழுத்து, தொடும் இடத்தை அந்தப் பரப்பின் வழியாகவே கவனித்தார். ரப்பர் முழுதாக வழுக்கவில்லை. கம்பளிப்பூச்சி நகர்வதுபோல் சிறு மடிப்புகள் முன்னிருந்து பின்னாக ஓடின, மடிப்பு கடந்த இடம் மட்டும் விட்டு விட்டு ஒட்டியது. அந்த மடிப்புகளுக்கு இன்று ஷாலமாக் அலைகள் என்றே பெயர். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஏன் பிடித்துப் பிடித்து விடுகிறது, மேல்தோலை விறைப்பாக்கினால் உராய்வு ஏன் குறைகிறது என்று யோசிப்பவர் யாரும் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆராய்ச்சிக்கான பணத்தை வரியாகக் கட்டியது கம்பெனி. ஆனால் வரி விதிக்கப்பட்டது ஒவ்வொரு பவுண்டு ரப்பர்மீதும். அந்தப் பவுண்டு மங்கிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து ஸ்டோருக்கும் வந்த வழியை மேலே பார்த்தோம்.

இப்போது வாதத்தின் அடிப்படையையே அசைக்கும் கேள்விக்கு வருகிறேன். உலக ரப்பரில் மிகப் பெரும்பகுதி டயருக்குப் போயிற்று. வைப்பர் தின்றது சொற்பம். அந்தச் சொற்பத்தை வைத்து ஒரு மாநிலத்தின் தொழில் வரலாற்றைப் படிப்பது சரியா? மேலும் இன்றைய வைப்பர்களில் செயற்கை ரப்பரும் சிலிக்கோனும் கலவைகளும் ஏராளம். உண்மைதான். நான் வைப்பரை ரப்பரின் பெரிய வாடிக்கையாளராகக் காட்டவில்லை. அதன் பரீட்சைத் தாளாகக் காட்டுகிறேன். கையுறை, பலூன், மருத்துவக் குழாய், வைப்பர் என ரப்பர் மெலிந்து நிற்கும் இடத்தில்தான் அழுக்கு வெளியே தெரியும். டயர் மன்னிக்கும், மெல்லிய சரக்கு மன்னிக்காது. ரப்பர் எப்படிப்பட்ட கைகளிலிருந்து வந்தது என்று அறிய அதிகம் விற்ற சரக்கைவிட அதிகம் கண்டிப்பான சரக்கே நல்ல சாட்சி. செயற்கை ரப்பர் இத்தனை வந்த பிறகும் வைப்பர் விளிம்புக்கு இயற்கை ரப்பரையும் அதன் கலவையையும் பல நிறுவனங்கள் விடாமல் வைத்திருப்பது பழைய பாசத்தால் அல்ல. லட்சக்கணக்கான தரம் மடங்கி நிமிர்ந்தும் கிழியாத குணம் அதில் இருக்கிறது.

கடைசி மறுப்பு மனச்சாட்சியைத் தொடுவது. இதைக் கைத்தொழில் என்று புகழ்வது, லயத்து வறுமையையும் கங்காணியின் கெடுபிடியையும் 1942க்குப் பின் ஜப்பானிய ஆட்சியில் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போகப்பட்டவர்களின் சாவையும் மெழுகிவிடாதா? தோட்ட வாழ்வைத் துன்ப வரலாறாக எழுதியவர்கள் எழுத வேண்டியதைத்தான் எழுதினார்கள். அகிலனின் 'பால் மரக் காட்டினிலே' வழியாகத் தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு இந்தத் தோட்டங்கள் அறிமுகமாயின. ஆனால் துன்பம் மட்டுமே எழுதப்பட்டதால் ஒரு தீங்கும் நேர்ந்தது. பாதிக்கப்பட்டவர் என்ற உருவம் நிலைத்தது, தொழில் தெரிந்தவர் என்ற உருவம் மங்கியது. முதலாளிக்கு அது வசதி. திறன் வேண்டாத வேலை என்று சொன்னால்தானே திறனில்லாதவருக்கான கூலி கொடுக்கலாம். 1946இல் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் செயலாளராகத் தொடங்கி, 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்திய பி.பி. நாராயணன் போன்றோர் பேச்சு மேசையில் எதிர்கொண்ட முட்டுச்சுவர் இதுதான். மழைநாளை எடுத்துக்கொள்ளுங்கள்: மழை பெய்தால் மரம் நனையும், பால் வாய்க்காலை விட்டு வழியும், வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்கு நீண்டகாலம் கூலியும் இல்லை. ஊரெல்லாம் வைப்பர் ஓடும் காலையில் அந்த ரப்பரைத் தந்த வீட்டில் வருமானம் நின்றது. தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட் குறைந்தபட்ச மாதச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்குள் கித்தாத் தோட்டங்களில் பெரும்பாலானவை இல்லை. திறனை எழுதினால் சுரண்டல் சிறிதாகாது, பெரிதாகும். எதைக் கொடுத்து எதைப் பெற்றார்கள் என்ற கணக்கில் கொடுத்த பக்கம் இதுவரை குறைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

இன்று நிலைமை வேறு. லாபு பக்கம் 1966 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ஜான்சன் வந்து பார்த்த பெல்டா என்ற அரசு நிலத்திட்டக் குடியேற்றத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அன்று மலேசிய ரப்பர் உலகில் முதலிடம். 1990களின் தொடக்கத்தில் அந்த இடத்தைத் தாய்லாந்து பிடித்தது. நெகிரி செம்பிலானின் பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறின. சிரம்பானையும் நீலாயையும் சுற்றியிருந்த நிலம் சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று வீடுகளாயிற்று. மிஞ்சிய ரப்பரில் பெரும்பங்கு சிறுதோட்டக்காரர்களுடையது. கையுறை ஆலைகளுக்கு வேண்டிய பாலை மலேசியா வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளில் இருக்கின்றன. உளி பிடித்த கடைசித் தலைமுறைக்கு அறுபதும் எழுபதும் தாண்டிவிட்டது. கோயில் வரலாறு, பள்ளி வரலாறு, வெளியேற்ற வழக்குகள் ஓரளவு பதிவாகியிருக்கின்றன. வெட்டின் வரலாறு அப்படிப் பதிவாகவில்லை.

சிரம்பானிலோ போர்ட்டிக்சனிலோ பகாவிலோ பால் வெட்டிய ஒரு பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், பட்ட கஷ்டங்களைக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கையில் ஓர் உளியைக் கொடுத்து, சாய்வை எப்படிக் கணித்தீர்கள், படலம் நெருங்கியது எப்படித் தெரிந்தது, சீவல் மங்கில் விழாமல் எப்படி முடித்தீர்கள் என்று கேட்டு, அந்தக் கையை வீடியோ எடுத்து வையுங்கள்.